உருட்டிய காயும் வகுத்த கட்டமும்

(அரூப ஓவியத்தில் ஆட்டம், நியமம், தற்செயல் ஆகியவற்றைப் பற்றிக் கொச்சி வில்லிங்டன் தீவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொச்சித் துறைமுகத்தின் வாயிலைத் திறந்துவிட்டது 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் என்றும், அவ்வெள்ளமே பண்டைய முசிறித் துறையைத் தூர்த்துவிட்டு இங்கே கடலுக்கு ஒரு வழியை அகலப்படுத்தியது என்றும் சரித்திர ஆசிரியர் பலர் கூறிவந்திருக்கின்றனர். எவரும் திட்டமிடாமல் நேர்ந்த நிகழ்ச்சி அது. அதற்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் கழித்து, 1920ஆம் ஆண்டில் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் இங்கு வந்து, முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல்திட்டையும், அலைகளின் போக்கையும், பருவக்காற்று மாறுந்தோறும் கரை தேய்வதையும் வளர்வதையும் பொறுமையோடு ஆராய்ந்து, கால்வாய் தோண்டி எடுத்த மண்ணையே கொட்டி, வெண்டுருத்தி என்னும் சிறு தீவை ஒட்டி நாம் இப்போது கூடியிருக்கும் இந்த நிலத்தை நீருக்குமேல் எழுப்பினார். 1928ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. 1936ஆம் ஆண்டளவில் தீவு வேலை நிறைவெய்தியது. முன்னர்ச் சென்னை மாகாணத்தின் கவர்னராகவும் பின்னர் இந்தியாவின் வைசிராயாகவும் இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பெற்றது. ஆகவே, துறைமுகத்தைத் தந்தது தற்செயல். தீவைத் தந்தது கணக்கு. அந்தத் தற்செயல் திறந்துவைத்த வழி இல்லாதிருந்தால் இந்தக் கணக்குக்கு வேலையே இருந்திராது.

ஓவியக் கலையைப் பற்றிப் பேச வந்தவன் துறைமுகத்தின் வரலாற்றைத் தொடுவானேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். உருவம் துறந்த ஓவியத்தைப் பற்றி, அதாவது மனிதரையோ மரத்தையோ மாடமாளிகையையோ ஒத்திராமல் கோடும் வண்ணமுமாகவே நிற்கும் சித்திரத்தைப் பற்றி எங்கே பேசினாலும், நம்மவர் கேட்கும் முதற்கேள்வி ஒன்று உண்டு: பார்த்து வரைவதற்குக் கண்முன் ஒரு பொருள் இல்லையென்றால், அடுத்த கோட்டை எங்கே இழுப்பது, அடுத்த வண்ணம் எது என்பதை ஓவியன் எதைக்கொண்டு நிச்சயிக்கிறான்? 2012ஆம் ஆண்டு தொடங்கி இந்நகரில் நடைபெற்றுவரும் கொச்சி–முசிறிஸ் பினாலேயின்போது, ஏலமும் மிளகும் அடுக்கிய பழைய பண்டகசாலைகளில் நவீன சிருஷ்டிகளைச் சுற்றிப் பார்த்தவர்களின் முகத்தில் நான் கண்டதும் இந்தக் கேள்வியைத்தான். இது அறியாமையிலிருந்து பிறக்கும் கேள்வி அன்று. ஓவியத்தின் மூலாதாரத்தையே தொடுகின்ற கேள்வி. இதற்கு விடை தேடிய ஓவியரில் சிலர் தமக்குத் தாமே ஒரு நியமத்தை விதித்துக்கொண்டு அதன்படி வரைந்தனர்; சிலர் கையை விலக்கிக்கொண்டு தற்செயலிடமே பொறுப்பை ஒப்படைத்தனர்; மிகச் சிலரே இவ்விரண்டையும் பிணைத்து ஓர் ஆட்டமாக அமைத்து, அந்த ஆட்டத்தையே ஓவியமாக ஆக்கினர். அந்த மூன்றாம் வகையினரைப் பற்றியும், அவர்களுள் நமக்கு உரியவராகிய ஒருவரைப் பற்றியும் சொல்வதே இன்றைய என் நோக்கம்.

ஆட்டம் என்பது யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் ஆடிய தாயத்தையே எடுத்துக்கொள்வோம். பித்தளையில் நாற்பட்டையாக வார்த்த இரண்டு நீண்ட கட்டைகள். ஒவ்வொன்றிலும் மூன்று பட்டைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் பதித்திருக்கும். நான்காம் பட்டையில் ஒன்றும் இராது. உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டித் தரையில் விடும்போது எந்தப் பட்டை மேலே வரும் என்பது உருட்டியவருக்கும் தெரியாது. அது முற்றிலும் தற்செயல். ஆனால் இரண்டு கட்டைகளும் வெறும் பட்டையைக் காட்டி விழுந்தால், அதாவது கண்ணுக்குப் புள்ளியே இல்லாமல் விழுந்தால், அதைப் பன்னிரண்டு என்று கொண்டு, பன்னிரண்டு கட்டம் காயை நகர்த்தி, மறுபடியும் உருட்ட உரிமை தருவது ஆட்டத்தின் வழக்கம். கட்டைகள் விழக்கூடிய பதினாறு வகைகளில் ஒன்றே ஒன்றுதான் இப்படி அமைவது. வெறுமைக்கு இத்தனை பெரிய மதிப்பைத் தந்தது எது? கட்டை தரவில்லை, அது விழுந்தது, அவ்வளவே. மதிப்பைத் தந்தது, ஆடுவோர் யாவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நியமம். அதே நியமந்தான், தாயம் விழுந்தாலன்றிக் காய் கட்டத்துக்குள் இறங்கலாகாது என்று எவ்வளவு பெரிய எண்ணையும் சில வேளை பயனற்றதாக்கிவிடுகிறது. வைகுண்ட ஏகாதசியன்று கண் விழிப்பதற்காகப் பரமபத படம் விரித்து ஆடும் குடும்பங்களில், மேலே ஏற ஏறப் பாம்பின் தலைகளுக்கு அஞ்சிக்கொண்டே சோழியை உருட்டும் சிறுவனுக்கும், விழுந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாகாது என்பது ஒருவரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. விழுந்ததற்குக் கட்டுப்படுவது என்னும் இந்த நேர்மையை நீக்கிவிட்டால், ஆட்டத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கலைக்கும் இது பொருந்தும் என்பதே நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

நியமத்தின் சிறப்பைத் தாயத்தைவிடத் தெளிவாகக் காட்டுவது நம் வாசல் கோலம். நெளிக்கோலம், சிக்குக்கோலம், கம்பிக்கோலம் என்று ஊருக்கு ஊர் பெயர் வேறுபடினும் அதன் கட்டளைகள் சிலவே: புள்ளிகளை நிரையாக வைக்க வேண்டும், இழை புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றிச் செல்ல வேண்டும், ஒரு புள்ளியும் விடுபடலாகாது, தொடங்கிய இழை தொடங்கிய இடத்திலேயே வந்து மூட வேண்டும். மூன்று வரிசையில் நான்கு நான்காகப் புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே இழை வெட்டிச் செல்லும்படி நெளியை இழுத்துப் பாருங்கள். கோலம் முழுவதும் ஒரே இழையில் முடிந்துவிடும். நான்கு வரிசையில் நான்கு நான்காக வைத்து அதே முறையில் இழுத்தால், எவ்வளவு தேர்ந்த கையாயினும் நான்கு தனித்தனி இழைகள் வந்தே தீரும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு இழை. வரிசைகளின் எண்ணுக்கும் ஒரு வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணுக்கும் உரிய மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை இழை என்பது கணிதம். அந்தக் கணிதத்தின் பெயரைக்கூடக் கேட்டிராத பெண்கள், எந்தப் புள்ளிக் கணக்குக்கு எத்தனை இழை என்பதை விரலால் அறிந்திருந்தார்கள்.

அவர்களுடைய சாமர்த்தியம் அறிந்ததோடு நிற்கவில்லை. நான்கு இழையாகப் பிரிந்துபோகும் கோலத்தில், இரண்டு இழைகள் வெட்டுகின்ற ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கே அவற்றை வெட்டவிடாமல் வளைத்துத் திருப்பிவிட்டால், அவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இவ்வாறு மூன்று இடங்களை ஆராய்ந்து திருப்பினால் நான்கு இழையும் ஒரே இழையாகும். எந்த மூன்று இடங்கள் என்பதில்தான் கை வேறுபடுகிறது, அழகு வேறுபடுகிறது. ஒருத்தியின் கோலம் மற்றொருத்தியின் கோலத்திலிருந்து பிரிந்து நிற்பதும் அங்கேதான். மாவு தவறிச் சிந்திவிட்டால் அதை அழிக்காமல் ஓர் இதழாக மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தற்செயலுக்கு நியமத்துக்குள் ஓர் இடம் அமைத்துக் கொடுப்பது அது. தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி அவர்களும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய அம்மையார் இருவரும் சேர்ந்து, கோலம் வரையும் முறையைக் கணிதத்தில் ஓர் இலக்கணமாக வகுத்து 1974ஆம் ஆண்டில் கணினி வரைகலைக்குரிய ஆய்விதழில் வெளியிட்டார்கள். கணினி கொண்டு சித்திரம் வரைவது உலகமெங்கும் புதுமையாக இருந்த அந்நாளில், நம் வாசற்படிக் கலை அந்தப் புதிய சாஸ்திரத்துக்கு எடுத்துக்காட்டாயிற்று என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதில்லை. அது பெரும் குறை.

மேல்நாட்டு ஓவியர்கள் இவ்வழிக்கு வந்தது வேறொரு தேவையால். அங்கே பல நூற்றாண்டுகளாக ஓவியனுடைய கையின் வன்மையும் ரஸனையுமே பிரமாணம் என்று கொண்டாடப்பட்டு வந்தன; அந்த ரஸனையே தம்மைச் சிறைப்படுத்துகிறது என்று சிலர் உணரத் தொடங்கினார்கள். மார்செல் துஷாம்ப் என்னும் பிரெஞ்சுக்காரர், சதுரங்கத்தில் தம் நாட்டுக்காகவே ஆடிய அளவுக்கு ஆட்டத்தில் தோய்ந்தவர், 1913ஆம் ஆண்டளவில் ஒரு மீட்டர் நீளமுள்ள நூலை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கிடையாக நழுவவிட்டு, அது சித்திரத் துணியில் எவ்வாறு வளைந்து விழுந்ததோ அவ்வாறே அதை ஒட்டிவைத்தார். இப்படி மூன்று நூல்கள். இதோடு நின்றிருந்தால் அது வெறும் வேடிக்கையாகவே போயிருக்கும். அவர் அந்த மூன்று வளைவுகளையும் மரத்தில் அளவுகோலாக அறுத்து வைத்துக்கொண்டு, பின்னர் வரைந்த சித்திரங்களில் அவற்றைக்கொண்டே கோடு இழுத்தார். ஒரு க்ஷணத்தில் நேர்ந்த தற்செயல் அதன்பின் மாறாத நியமமாக உயர்ந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டுக் கலையில் இதைக் காட்டிலும் ஆழமான ஒரு செயலை நான் அறிந்ததில்லை.

ஹான்ஸ் ஆர்ப் என்பவர் சற்றுப் பின்னர்க் காகிதத்தைக் கிழித்துக் கீழே போட்டு, விழுந்தபடியே ஒட்டியதாகக் கூறப்படும் சித்திரங்களைச் செய்தார். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றைக் கூர்ந்து பார்த்தால், துண்டுகள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒழுங்காக இடம்விட்டு அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். கையை விட்டு நழுவிய காகிதம் அவ்வளவு மரியாதையோடு விழுவதில்லை. சித்திரம் அழகானதே. ஆயினும் விழுந்ததற்குக் கட்டுப்படுவதாகச் சொல்லிவிட்டுக் காயைச் சற்றே நகர்த்தியவரின் ஆட்டம் அது என்பதே என் அபிப்பிராயம். இதற்கு நேர்மாறானவர் பிரான்ஸுவா மொரெல்லே என்னும் ஓவியர். 1960ஆம் ஆண்டில் அவர் ஒரு சதுரத்தை நாற்பதினாயிரம் சிறு சதுரங்களாகக் கட்டம் போட்டு, தம் ஊர்ப் பக்கத்துத் தொலைபேசிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் வரும் இலக்கம் ஒற்றையாயின் ஒரு வண்ணம், இரட்டையாயின் மற்றொரு வண்ணம் என்று சிவப்பும் நீலமுமாக ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பினார். ஒரு கட்டத்தைக்கூடத் தம் விருப்பத்துக்கு மாற்றவில்லை. அந்தச் சித்திரத்தின்முன் நிற்பவரின் கண் இளைப்பாற இடமின்றி நடுங்குகிறது. அதை நான் விரும்புகிறேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் மதிக்கிறேன்.

அண்மைக் காலத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பேராலயத்தில் கெர்ஹார்ட் ரிக்டர் அமைத்து 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாளரமும் இவ்வகையினதே. எழுபத்திரண்டு வண்ணங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடிகள். எது எங்கே என்பதைக் கணினியின் தற்செயல் எண்களே பெரும்பாலும் தீர்மானித்தன. புனிதர்களின் உருவம் இல்லாத சாளரம் ஆலயத்துக்கு ஏற்றதா என்று அவ்வூரில் விவாதம் எழுந்தது இயல்பே.

சங்கீத உலகில் இதையே செய்தவர் அமெரிக்கரான ஜான் கேஜ். நாணயங்களைச் சுண்டி, சீனத்துப் பழைய குறி நூலின் கட்டங்களோடு ஒப்பிட்டு, எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எவ்வளவு உரம் என்று நிச்சயித்து 1951ஆம் ஆண்டில் ஒரு பியானோ கிருதியை இயற்றினார். தமிழ் மக்கள் அவசியம் அறிய வேண்டிய செய்தி ஒன்று இதில் மறைந்திருக்கிறது. கேஜ் தம் கொள்கைக்கு ஆதாரமாக வாழ்நாள் முழுவதும் எடுத்துச் சொன்ன கருத்து, கலை பின்பற்ற வேண்டியது இயற்கையின் தோற்றத்தை அன்று, இயற்கை தொழிற்படும் முறையையே என்பது. அதை அவர் கண்டெடுத்தது கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில். யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த முத்துக் குமாரசாமியின் மைந்தர் அவர். சாஸ்திர நியமங்களைப் போற்றியதில் குமாரசாமிக்கு நிகரானவர் இல்லை; நாணயம் சுண்டிச் சங்கீதம் அமைப்பதை அவர் ஒப்பியிருப்பாரா என்பது வேறு. ஆனால் இயற்கை தொழிற்படும் முறை என்று அவர் சுட்டிய இடத்தில், விதை எங்கே விழும் என்பது தற்செயலாகவும், விழுந்த விதை என்னவாக முளைக்கும் என்பது நியமமாகவும் இருப்பதைக் கேஜ் கண்டுகொண்டார்.

நம் நாட்டில் தற்செயலைத் தம் ஓவியத்தின் வாயிலாகக் கொண்ட முதல் பெரியவர் ரவீந்திரநாத தாகூர். அறுபது வயதைக் கடந்த பின்னர், 1924ஆம் ஆண்டில் ‘பூரபி’ கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தபோது, வேண்டாமென்று அடித்த சொற்களும் வரிகளும் தாளின்மேல் அங்கங்கே கருந்திட்டுகளாகக் கிடந்தன. எந்தச் சொல் அடிபடும் என்பது கவிதையின் காரியம். தாளில் அந்தத் திட்டு எங்கே விழுகிறது என்பதற்கும் சித்திர அழகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர் அத்திட்டுகளை ஒன்றோடொன்று கோட்டால் இணைத்து, லயம் என்னும் ஒரே நியமத்துக்கு அவற்றைக் கட்டுப்படுத்தி, முன்னொருபோதும் கண்டிராத பறவைகளையும் விலங்குகளையும் அவற்றிலிருந்து எழுப்பினார். 1930ஆம் ஆண்டில் பாரிஸில் அந்த ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. பள்ளியில் ஓவியம் பயிலாத ஒருவருக்குப் பள்ளியின் நியமத்துக்கு ஈடாக நின்றது, வாழ்நாள் முழுவதும் சந்தத்தில் பழகிய அவருடைய செவியே.

இனி நமக்கு உரியவரான கே. சி. எஸ். பணிக்கர் அவர்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வந்ததும் அவரைச் சரியான இடத்தில் வைத்துக் காண்பதற்காகவே. 1911ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌதுரியிடம் பயின்று, அவருக்குப் பின் 1957ஆம் ஆண்டில் அப்பள்ளியின் முதல்வராகிப் பத்தாண்டு காலம் அதை நடத்தியவர். 1944ஆம் ஆண்டில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் தோற்றுவித்தவர். 1966ஆம் ஆண்டில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில், ஓவியர்கள் பாத்திக் துணி முதலிய கைவேலைகளை விற்றுச் சேர்த்த பொருளைக் கொண்டே நிலம் வாங்கி, சோழமண்டலம் என்னும் கலைக் கிராமத்தை எழுப்பியவர். கேரளமும் தமிழகமும் ஒருசேர உரிமை கொண்டாடத் தக்க மனிதர். இளமையில் ஓடையும் தென்னையும் நிறைந்த இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்ற அவர், ஐம்பது வயதைக் கடந்து, 1963ஆம் ஆண்டளவில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் தொடரைத் தொடங்கினார்.

அத்தொடரின் ஓவியம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். பழைய சுவடியின் நிறத்தை நினைவூட்டும் வெளிர்ந்த தளம். அதன்மேல் கட்டங்கள், பத்திகள், அட்டவணைகள். அட்டவணைக்குள் நெருக்கமாக மலையாள எழுத்தைப் போன்ற வரிவடிவங்கள்; அருகில் சென்று படிக்கப் புகுந்தால் சொல் பிடிபடுவதில்லை. பீஜகணிதச் சமன்பாட்டின் அடையாளங்கள் ஒருபுறம். கூட்டல் குறி, எண்கள், வட்டம், முக்கோணம். மற்றொருபுறம் மீன், பாம்பு, பறவை. இவற்றுக்கெல்லாம் நடுவே, பல சித்திரங்களில், ஜாதகக் கட்டம்.

இந்த ஜாதகக் கட்டத்தைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். நாலுக்கு நாலாகப் பிரித்த சதுரத்தில் நடுவில் உள்ள நான்கு வீடுகளை ஒன்றாக விட்டுவிட்டால், சுற்றிலும் பன்னிரண்டு வீடுகள் அமைகின்றன. மேஷம் முதல் மீனம் வரை எந்த ராசி எங்கே என்பது ஒருபோதும் மாறாது. குழந்தை எந்த நாழிகையில் பிறந்ததோ அந்த நாழிகையில் லக்கினமும் கிரகங்களும் எங்கே நின்றனவோ அவை மட்டும் அந்தந்த வீட்டில் எழுதப்படும். சோதிடத்தை நம்புவோர்க்கும் நம்பாதோர்க்கும் ஒன்று விளங்கும்: நம் முன்னோர் அறிந்தவற்றுள், நேர்ந்துவிட்ட ஒரு கணத்தைக் கைக்கொண்டு, அதை மாறாத ஒரு கட்டத்துக்குள் பதித்து, அதிலிருந்து ஒரு வாழ்நாளின் கதையையே வருவிக்க முயன்ற ஏற்பாடு இதைப் போல் வேறொன்றில்லை. கேரளத்தில் பிரசன்னம் வைப்போர் சோழிகளைக் கையால் பிரித்து எண்ணி மிச்சத்தைக் கொண்டு பலன் சொல்வதும் இதன் கிளையே. இத்தகைய கட்டத்தைப் பணிக்கர் எடுத்துக்கொண்டார். எடுத்து, அதிலிருந்து பலனை நீக்கிவிட்டார். அந்தக் கட்டத்தைக் கொண்டு எவருக்கும் எதையும் சொல்ல முடியாது. அதைப் போலவே சமன்பாட்டை எடுத்து விடையை நீக்கினார்; எழுத்தை எடுத்து வாசகத்தை நீக்கினார். எஞ்சி நின்றது யாது? ஒழுங்கு. ஏதோ ஒன்று இங்கே மிகுந்த அக்கறையோடு கணிக்கப்பட்டிருக்கிறது என்னும் உணர்வு. படிக்கத் தெரியாத கிழவி தன் பேரனின் ஜாதக ஓலையைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது அடையும் பக்தி கலந்த வியப்பு எதுவோ, அதையே கல்வி கற்றவனுக்கும் பணிக்கரின் ஓவியம் திரும்பத் தருகிறது.

இத்தொடரைத் தாந்திரிக ஓவியம் என்று வகைப்படுத்திச் சிலர் எழுதியிருக்கின்றனர். நான் அதை ஏற்கவில்லை. யந்திரத்தில் ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு தேவதை உண்டு, ஒரு பீஜாக்ஷரம் உண்டு, உபாசனை உண்டு. ஒன்று பிழைத்தாலும் யந்திரம் பயன்படாது. பணிக்கரின் சித்திரத்திலோ அடையாளங்கள் தம் பழைய எஜமானர்களிடமிருந்து விடுதலை பெற்றவை. அவற்றை அவர் புதிய ஆட்டத்தின் காய்களாகவே வைத்தார். இந்த ஆட்டத்தின் கட்டளைகள் யாவை என்று அவர் எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் ஓவியங்களை அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் நமக்கே புலப்படுகின்றன. எழுத்து படிக்கத்தக்கதாய் அமைந்துவிடலாகாது, எழுத்தல்லாததாகவும் ஆகிவிடலாகாது. கட்டம் நேராக நிற்கலாம், ஆனால் அளவுகோல் வைத்தது போல் இறுகலாகாது. உருவம் ஒன்று தலைகாட்டினால், அது அடையாளத்தின் அளவோடு அடங்க வேண்டும். கதை சொல்லத் தொடங்கலாகாது. இந்தக் கட்டளைகளுக்குள் கை எங்கெல்லாம் சென்றதோ அங்கெல்லாம் நேர்ந்த சிறு கோணல்களையும், மை ஊறிய இடங்களையும், வரி நெருங்கிப் போன இடங்களையும் அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். தாயக்கட்டையை உருட்டி வண்ணம் தேர்ந்தவர் அல்லர் அவர். தற்செயலுக்கு அவர் விட்ட இடம் குறுகியது. ஆனால் மொரெல்லே நாற்பதினாயிரம் கட்டங்களில் காட்டிய நேர்மையைப் பணிக்கர் கையெழுத்தின் நடுக்கத்தில் காட்டினார். இதில் மனிதவாசனை இருக்கிறது. இவ்விருவரில் யார் பெரியவர் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் பணிக்கர் என்பேன்.

கடைசியாக ஓர் ஆட்சேபத்துக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நியமத்தை வகுத்துவிட்டால் சித்திரம் தானே நடந்துவிடுகிறது, தற்செயலை அழைத்துவிட்டால் சித்திரம் தானே விழுந்துவிடுகிறது. அவ்வாறாயின் ஓவியனுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்போர் உண்டு. கால்வாய்க்கு அப்பால் மட்டாஞ்சேரியில், போர்த்துக்கீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி அரசர் வீரகேரள வர்மருக்கு அளித்த அரண்மனையின் பள்ளியறைக்குச் சென்று, சுவர் நிறைய எழுதிய இராமாயணத்தைப் பாருங்கள். அங்கே எந்த வண்ணமும் எழுதியவரின் இஷ்டம் அன்று. ஐந்தே வண்ணம், தெய்வத்துக்கு இன்ன நிறம், அசுரனுக்கு இன்ன நிறம் என்று தியான சுலோகங்கள் விதித்தபடி, மஞ்சளில் தொடங்கிக் கரிய கோட்டில் முடிக்கும் முறையும் விதித்தபடி. இத்தனை விதிக்குள்ளும் அந்தச் சுவரில் ஒரு மானின் கழுத்து திரும்பும் வளைவில் எழுதியவரின் உள்ளம் தெரியவில்லையா? நியமம் ஓவியனைச் சிறியவனாக்குவதில்லை. அரண்மனைச் சித்திரகாரருக்கு நியமத்தைப் பரம்பரை வகுத்துத் தந்தது. அரூப ஓவியன் அதைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் அவன் பொறுப்பு கூடியதே அன்றிக் குறையவில்லை. வகுத்தபின் அதை மீறாதிருக்கும் பொறுப்பும் அவனுடையதே, ஏனெனில் மீறினால் கேட்பார் எவரும் இல்லை.

இந்நாளில் எழுத்தையும் எண்ணையும் கட்டத்தையும் வண்ணத்தோடு குழைத்து, பணிக்கரின் வழியில் செல்வதாகச் சொல்லிக்கொண்டு, கூடங்களில் தொங்கும் சித்திரங்கள் பலவற்றைக் கண்டு வருந்துகிறேன். அவற்றில் காய்கள் இருக்கின்றன, ஆட்டம் இல்லை. எந்தக் காயை எங்கே வைத்தாலும் ஒன்றே என்னும்போது அங்கே நியமமும் இல்லை, தற்செயலும் இல்லை, அலங்காரமே இருக்கிறது. இளம் ஓவியர்கள் இதனை உணர வேண்டும். தாம் விதித்துக்கொண்ட கட்டளை யாது என்பதைத் தமக்குள்ளாவது ஒரு வாக்கியத்தில் சொல்லிக்கொள்ள முடியாத ஓவியன், தூரிகையை அன்று கீழே வைத்துவிடுவது நல்லது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்து முடிக்கிறேன். சென்னைக்குச் செல்வோர் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலத்தில் 2009ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கலைக் காட்சிக்கூடத்துக்குச் சென்று, பணிக்கரின் ஓவியங்களையும் சென்னை ஓவிய இயக்கத்தைச் சேர்ந்த மற்றவர்களின் ஓவியங்களையும் காணுங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். கோலம் போடத் தெரிந்த பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முயல வேண்டா. முதலில் கட்டங்களை எண்ணுங்கள். எந்த வரி எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். இங்கே எதைச் செய்யலாகாது என்று இவர் தமக்கு விதித்துக்கொண்டார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை வரும்வரை அவ்விடத்தை விட்டு நகராதீர்கள்.